ஸ்பெல்லிங்கைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

ஒரு கல்லூரி விடுதி மாணவர்கள் நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதினார்கள். தண்ணீர்த் தொட்டி பல மாதமாகக் கழுவப்படவில்லை. மாணவிகள் பக்கத்துக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலானோர் நம் பிள்ளைகள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். மறுநாளே அந்த மனுவின் படம் வாட்ஸப்பில் சுற்றியது. 'செபரேட்' என்ற சொல்லில் 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'இ' இருந்தது. 'ரிசீவ்' என்பதில் 'இ'யும் 'ஐ'யும் இடம் மாறியிருந்தன. இரண்டையும் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே ஒரு வரி: கோட்டாவில் வந்தால் இப்படித்தான். தொட்டியில் மிதக்கும் பாசியைப் பற்றி அந்தக் குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்தச் சிவப்பு வட்டத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் ஆங்கில ஸ்பெல்லிங் தவறு வெறும் தவறு அல்ல. அது பிறப்பைக் கண்டுபிடிக்கும் கருவி. எந்தத் தெரு என்று நேரடியாகக் கேட்க இப்போது கொஞ்சம் கூச்சம் வந்துவிட்டது, சட்டமும் இருக்கிறது. எந்தப் பள்ளி, எந்த மீடியம், அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதையெல்லாம் ஒரு பத்தி ஆங்கிலத்தை வைத்தே மோப்பம் பிடித்துவிடலாம் என்ற நிம்மதி அவர்களுக்கு. அதே தவறை வசதியான வீட்டுப் பையன் செய்தால் 'அவசரத்துல டைப் பண்ணிட்டான்'. நம் பிள்ளை செய்தால் 'தகுதி இல்லை'.

சரி, இவ்வளவு பெருமையாகத் தூக்கிப் பிடிக்கும் இந்த ஸ்பெல்லிங்தான் என்ன? அறிவா? தர்க்கமா? கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

கடனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'டெட்' என்கிறார்கள். எழுதும்போது நடுவில் ஒரு 'பி' வருகிறது. பிரெஞ்சிலிருந்து அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் 'பி' இல்லை. காதில் கேட்டபடி எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு லத்தீன் படித்த பண்டிதர்கள் வந்தார்கள். இதன் மூலம் 'டெபிடம்' என்ற லத்தீன் சொல் அல்லவா, அந்த வம்சம் தெரிய வேண்டாமா என்று 'பி'யைச் செருகினார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் 'டவுட்' சொல்லுக்கும் அதே கதிதான். 'ரிசீட்' என்பதில் ஒலிக்காத 'பி' வந்ததும் இதே லத்தீன் பெருமையால்தான். (அது வேறு 'பி'. தமிழில் இரண்டுக்கும் ஒரே சட்டை. நம் எழுத்தின் சங்கதிக்குப் பிறகு வருவோம்.) சொல்லுக்குப் பூணூல் மாட்டிய வேலை இது. வம்சத்தை நெற்றியில் எழுதிக் காட்டும் ஆசை எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதைவிடக் கூத்து தீவுக்கான சொல். 'ஐலண்ட்' லத்தீனிலிருந்து வந்த சொல்லே அல்ல, பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். அதை லத்தீன் 'இன்சுலா'வின் பிள்ளை என்று தப்பாக நினைத்து ஓர் 'எஸ்'ஸை உள்ளே வைத்தார்கள். பொய்ப் பரம்பரை. அந்தப் பொய்யை எழுதாமல் விட்டால் இன்றும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போகிறது.

வில்லியம் காக்ஸ்டன் 1476ல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வைத்தார். அச்சு, எழுத்தை மெல்ல மெல்ல உறைய வைத்தது. வாய் உறையவில்லை. ஏறக்குறைய 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இடம் மாறின. குதிரை வீரனைக் குறிக்கும் 'நைட்' சொல்லின் தொடக்கத்தில் உள்ள 'கே'யும் நடுவில் உள்ள 'ஜி-எச்'சும் ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தவை. ஒலி செத்துவிட்டது. பிணத்தை மட்டும் இன்னும் சுமக்கிறார்கள், நம்மையும் சுமக்கச் சொல்கிறார்கள்.

பண்டிதர்களின் வீம்பு, அச்சுத் தொழிலின் பழக்கம், ஒலி மாற்றம், பல மொழிகளிலிருந்து வாங்கிய கடன் எல்லாம் சேர்ந்த குவியல் இது. யாரும் உட்கார்ந்து யோசித்துத் திட்டமிட்டதல்ல. ஆனால் யாரும் திட்டமிடாத ஒன்று இத்தனை நூற்றாண்டு நிலைத்து நிற்பதற்கு யாருக்கோ லாபம் இருக்க வேண்டும்.

அந்த லாபத்தை அவர்களே ஒப்புக்கொண்டும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தைப் போலவே ஒலிக்காத எழுத்துகளைச் சுமக்கும் பக்கத்து வீட்டு மொழி பிரெஞ்சு. பிரெஞ்சு அகாதெமி தன் அகராதிக்காக எழுத்துமுறையை முடிவு செய்துகொண்டிருந்த 1673ல், மெஸரே என்ற அறிஞர் எழுதி வைத்த குறிப்பு ஒன்று உண்டு. பழைய எழுத்துமுறையையே வைத்துக்கொள்வோம், ஏனென்றால் அதுதான் கற்றவர்களை அறியாதவர்களிடமிருந்தும் சாதாரணப் பெண்களிடமிருந்தும் பிரித்துக் காட்டுகிறது என்பது அதன் சாரம். பிரித்துக் காட்டுவதற்காகவே கடினமாக வைத்திருக்கிறோம் என்கிறார்கள். இதைவிடப் பச்சையாக யாரும் சொல்ல முடியாது.

1899ல் தோர்ஸ்டைன் வெப்ளன் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 'ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு' என்ற நூலை எழுதினார். சமூகவியல் வகுப்பில் அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். வசதி படைத்தவர்கள் பயனில்லாத செலவைச் செய்து காட்டித் தங்கள் உயர்வை நிலைநாட்டுகிறார்கள் என்பது அவர் வாதம். பாடத்தில் பெரும்பாலும் உடை, விருந்து, வெள்ளிக் கரண்டியோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த நூலின் கடைசி அத்தியாயம் ஆங்கில ஸ்பெல்லிங்கில் வந்து முடிகிறது. ஸ்பெல்லிங்கும் அதே வீண் செலவுதான் என்கிறார் அவர். கற்க நிறைய நேரமும் உழைப்பும் பிடிக்கும், கற்காதவரைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம், அதனால்தான் அது மதிப்பின் முதல் சோதனையாக நிற்கிறது. சிவப்பு வட்டம் போட்ட ஆள் வெப்ளனைப் படித்திருக்க மாட்டார். படிக்காமலே அவர் சொன்னதைச் செய்துகாட்டிவிட்டார்.

மாற்ற முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1906ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிய ஸ்பெல்லிங்கில் அச்சிடுமாறு அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன, நாடாளுமன்றம் எதிர்த்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் பின்வாங்கினார். பெர்னார்ட் ஷா புதிய எழுத்துமுறை ஒன்றை உருவாக்க உயிலில் பணம் ஒதுக்கிவிட்டு 1950ல் இறந்தார். 1962ல் அவருடைய ஒரே ஒரு நாடகம் அதில் அச்சானது, அவ்வளவுதான்.

நம்மிடம் என்ன நடந்தது? பெரியார் 1935ல் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். னை, லை, றா, னா போன்ற எழுத்துகளுக்கு இருந்த தனி வடிவங்களைக் கைவிட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே எழுதினார். 1978ல் எம்.ஜி.ஆர் அரசு அதை ஏற்று ஆணை போட்டது. இன்று 20 வயதுப் பிள்ளைக்குப் பழைய 'லை'யின் தும்பிக்கையைக் காட்டினால் அது என்ன என்று கேட்கும். வானம் இடிந்து விழவில்லை. தமிழும் செத்துப் போகவில்லை.

தமிழ் எழுத்து குறையே இல்லாதது என்று சொல்லவில்லை. கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே 'க', மூன்று விதமான ஒலி. ஆனால் சொல்லில் அது எங்கே நிற்கிறது என்பதை வைத்தே ஒலியைச் சொல்லிவிடலாம், மனப்பாடம் தேவையில்லை. அதைவிடப் பெரிய வியாதி நம் தமிழ்ப் பண்டிதர்களிடம் உண்டு. 'பழம்' என்பதைப் 'பளம்' என்றோ 'பயம்' என்றோ சொல்பவரைப் பார்த்து அவர்கள் சிரிக்கும் சிரிப்புக்கும் வாட்ஸப் சிரிப்புக்கும் வித்தியாசம் இல்லை. 1992ல் பாமாவின் 'கருக்கு' நம் தெருவின் பேச்சில் வந்தபோது, அதில் சொல்லப்பட்ட வாழ்க்கையை விட்டுவிட்டு மொழி கொச்சை என்று முகம் சுளித்தவர்களும் இதே வகையறாதான்.

இனி, படிப்பது என்ற காரியம் தலைக்குள் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு நடக்கும் அநியாயத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஐரோப்பாவின் 13 மொழிகளில் குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்பதை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2003ல் வெளிவந்தது. முதல் வகுப்பு முடியும் நேரத்தில், பழக்கமான சொற்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பின்லாந்து, கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் குழந்தைகள் 100க்கு 90க்கு மேல் சரியாகப் படித்தார்கள். ஆங்கிலம் படித்த ஸ்காட்லாந்துக் குழந்தைகள் 34. கவனியுங்கள், அவர்கள் வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலமே பேசி வளர்ந்தவர்கள். அவர்களை முட்டாள்கள் என்று யாரும் சொல்லவில்லை, எழுத்துமுறை சிக்கல் என்றார்கள். நம் ஊரில் வீட்டில் ஒரு வார்த்தை ஆங்கிலம் காதில் விழாத குழந்தை தடுமாறினால் மட்டும் ரத்தத்தில் குறை கண்டுபிடிக்கிறார்கள்.

எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஆங்கிலப் பத்தி ஒன்று பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் போதும், நடுவில் எப்படிக் கலைந்தாலும் மூளை படித்துவிடும், இது கேம்பிரிட்ஜ் ஆய்வு என்று அது சொல்லும். உங்களுக்கும் வந்திருக்கும். கேம்பிரிட்ஜில் அப்படி ஓர் ஆய்வு நடக்கவில்லை. எழுத்து கலைந்தால் படிக்கும் வேகம் குறைகிறது, அதுவும் சொல்லின் தொடக்கம் கலைந்தால் அதிகம் குறைகிறது என்று 2006ல் கண்களின் அசைவை அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பத்தி ஓரளவு படிக்க வருகிறதே, எப்படி? அந்தச் சொற்களை ஏற்கெனவே ஆயிரம் முறை பார்த்துப் பழகியவருக்கு மட்டும்தான் அது வரும். அவர் எழுத்துக்கூட்டுவதில்லை, தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் அடையாளம் காண்பதுபோலச் சொல்லை அடையாளம் காண்கிறார். அந்தப் பழக்கம் கதைப் புத்தகம் நிறைந்த அலமாரியிலிருந்தும், ஆங்கிலப் பத்திரிகை வந்து விழும் வாசலிலிருந்தும் வருவது. அதற்குத் 'திறமை' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

புதிய சொல்லைச் சந்திக்கும் பிள்ளைக்கு எழுத்தைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. அது எழுத்தை நம்புகிறது. 'சட்டில்' என்று சொல்ல வேண்டியதை 'சப்டில்' என்கிறது. 'புஃபே' என்பதை 'பஃபெட்' என்கிறது. ஓட்டலின் 'ஸ்வீட்' அறையை 'சூட்' அறை என்கிறது. வகுப்பில் சிரிப்பு எழுகிறது. இங்கே என்ன நடந்தது என்று நிதானமாகப் பாருங்கள். சரியாகச் சொன்ன பையன் அந்தச் சொல்லைச் சாப்பாட்டு மேசையில் காதால் கேட்டவன், உழைக்காமல் வந்த சொத்து. தப்பாகச் சொன்ன பிள்ளை அதை யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. தனியாக உட்கார்ந்து, அச்சில் படித்துச் சம்பாதித்தது. அந்தத் தவறான உச்சரிப்பு, அந்தப் பிள்ளை தானே படித்தது என்பதற்கான சாட்சி. படித்ததற்காகத்தான் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இதிலும் இரட்டை நியாயம். 'ஆத்தர்' என்ற சொல்லில் முதலில் 'டி' ஒலிதான் இருந்தது. பண்டிதர்கள் கிரேக்கச் சாயம் பூசி ஓர் 'எச்' சேர்த்தார்கள், பிறகு மக்கள் எழுத்தைப் பார்த்து உச்சரிப்பை மாற்றிக்கொண்டார்கள். நெற்றிக்கான சொல்லை 'ஃபாரிட்' என்பதுபோலத்தான் ஒரு காலத்தில் ஆங்கிலேயர் சொன்னார்கள். இன்று பெரும்பாலோர் எழுதியபடியே 'ஃபோர்ஹெட்' என்கிறார்கள். அவர்கள் எழுத்தைப் பார்த்துச் சொன்னால் மொழி வளர்ச்சி, நாம் சொன்னால் நாக்கு சரியில்லை.

எழுத்தைக் கதவாக்கிப் பூட்டுவதில் நம் ஊர் ஆட்களுக்கு அமெரிக்க வெள்ளையர்கள் சளைத்தவர்கள் அல்ல. தென் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதை 1740லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சூத்திரன் காதில் ஈயம் என்ற கதையோடு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகவா இருக்கும்? அடிமையாகப் பிறந்து பின்னாளில் பெரும் போராளியான ஃபிரெடெரிக் டக்ளஸ், வெப்ஸ்டரின் ஸ்பெல்லிங் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். தெருவில் ஏழை வெள்ளைச் சிறுவர்களைப் பிடித்து, ரொட்டி கொடுத்து எழுத்துக் கற்றுக்கொண்டார். அடிமைமுறை போன பிறகும் பூட்டு போகவில்லை, வடிவம்தான் மாறியது. 1964ல் லூசியானாவில் வாக்காளராகப் பதிவு செய்ய வந்தவர்களுக்கு வைத்த ஒரு தேர்வில் 10 நிமிடத்தில் 30 கேள்வி, ஒன்று தவறினாலும் தோல்வி. அதில் ஒரு கேள்வி, 'பின்னோக்கி' என்ற ஆங்கிலச் சொல்லை முன்னோக்கி ஸ்பெல்லிங் சொல் என்பது. எப்படி எழுதினாலும், இது சரி அல்லது தவறு என்று அந்த வெள்ளை அதிகாரி சொல்லிக்கொள்ளலாம். 1965ல் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் இத்தகைய தேர்வுகளுக்கு முடிவு கட்டியது.

அதே அமெரிக்காவில் இன்று ஸ்பெல்லிங் பீ போட்டி என்றால் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள். 2019ல் 8 பேர் ஒன்றாகப் பட்டம் வென்றார்கள், அதில் 7 பேர் நம் நாட்டு வம்சாவளி. இங்கே அதைப் பகிர்ந்து 'ஜீன்' என்று மார்தட்டியவர்கள் ஏராளம். அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மேடையின் விதி ஒன்றை மார்தட்டுபவர்கள் சொல்வதில்லை. போட்டியாளர் அந்தச் சொல்லின் பொருள் என்ன, எந்த மொழியிலிருந்து வந்தது என்று நடுவரிடம் கேட்கலாம். ஒலியை மட்டும் வைத்து ஆங்கிலம் எழுத முடியாது என்பது சாம்பியன்களுக்கே தெரிந்த ரகசியம். நம் வகுப்பறையில் 'ஏன் சார் அந்த பி?' என்று கேட்ட பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்படியானால் ஆங்கிலம் வேண்டாமா? இந்தக் கேள்வியோடு வருபவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். சாவித்திரிபாய் புலே 1854ல் வெளியிட்ட தன் கவிதைத் தொகுப்பிலேயே ஆங்கிலம் கற்கச் சொன்னவர். பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டுப் பாரசீகம் படித்த அம்பேத்கர்தான் 1936ல் 'சாதியை அழித்தொழித்தல்' உரையை ஆங்கிலத்தில் எழுதி உலகத்தின் முன் வைத்தார். உத்தரப்பிரதேசத்தின் பங்கா கிராமத்தில் 2010ல் தலித் மக்கள் ஆங்கில தேவிக்குக் கோயில் எழுப்பத் தொடங்கினார்கள். தேவி கையில் பேனா, காலுக்குக் கீழே கணினி. சாமி கும்பிடுவதில் நமக்கு உடன்பாடு இல்லை, அந்தப் பசி புரிகிறது. ஆங்கிலம் நமக்கு வேண்டும், முழுதாக வேண்டும். கூடவே வரும் அவமானத்தை மட்டும் வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

இன்னொன்று, நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு. சாதி வெறியோடு ஒருவன் ஆங்கிலத்தில் பதிவு போட்டால் அவன் ஸ்பெல்லிங்கை வட்டமிட்டுச் சிரிக்கும் மீம்கள் நம் பக்கங்களிலும் வருகின்றன. அவன் கருத்தை அடியுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும். ஸ்பெல்லிங்கை எடுத்தால், எந்தப் பிரம்பால் நம் பிள்ளை அடிபட்டதோ அதற்கு எண்ணெய் தடவிக் கொடுக்கிறீர்கள். அந்த மீமைப் பார்க்கும் நம் விடுதி மாணவி அடுத்த முறை பொதுவெளியில் எழுதவே தயங்குவாள்.

எங்கள் மாலைநேர வகுப்புகளில் இப்போது ஒலிக்காத எழுத்துகளுக்குக் கதை சொல்லிக் கொடுக்கிறோம். 'பி'யைச் செருகிய பண்டிதன் கதையைக் கேட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தச் சொல்லை மறப்பதில்லை. ஒழுங்குக்கு உட்பட்ட சொற்களை முதலில், ஒலியோடு சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறோம். முரண்டு பிடிப்பவற்றைத் தனியாகச் சுவரில் ஒட்டுகிறோம், ஒரு வாரத்துக்குப் பத்து. தவறாக உச்சரித்தால், இதை எங்கே படித்தாய் என்று கேட்கிறோம். மனு எழுதும் பெரிய பிள்ளைகளுக்குப் போனிலேயே பிழைதிருத்தி இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஸ்பெல்லிங் நம்மை உண்மையாகவே கழுத்தில் பிடிக்கும் இடம் வேறு. அது நம் பெயர். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத ஒரே முறை என்று ஒன்று இல்லை. 'கயல்விழி'யின் 'ழி'க்குச் சாதிச் சான்றிதழில் 'இசட்-எச்' இருக்கும், ஆதாரில் 'எல்' இருக்கும், வங்கிக் கணக்கில் இரண்டு 'எல்' இருக்கும். 'த'வுக்கு ஓர் இடத்தில் வெறும் 'டி', இன்னோர் இடத்தில் 'டி-எச்'. முதல் வகுப்பில் சேர்த்த ஆசிரியரோ, கம்ப்யூட்டர் சென்டரில் அவசரமாகத் தட்டியவரோ போட்டது. தாய்க்கு ஆங்கில எழுத்துத் தெரியாது, சரிபார்க்க முடியாது. பெயர் பொருந்தவில்லை என்று கல்வி உதவித்தொகை விண்ணப்பம் நின்றுபோனவர்களோடு நாங்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருக்கிறோம். ஷேக்ஸ்பியர் போட்டதாக இன்று எஞ்சியிருக்கும் 6 கையெழுத்துகளிலேயே அவர் பெயரின் ஸ்பெல்லிங் ஒன்றுபோல இல்லை. அவருக்கு உதவித்தொகை தேவைப்படவில்லை.

அதனால் தோழர்களே, இந்த விடுமுறையில் ஒரு வேலை. உங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போங்கள். பள்ளிப் பதிவு, சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் தரையில் பரப்பி வைத்து, பெயரையும் இனிஷியலையும் தகப்பனார் பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராகும் முன் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துத் திருத்துவது சுலபம். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்துவிட்டால் அலைச்சல் பல மடங்கு. எந்த ஸ்பெல்லிங்கை வைத்துக்கொள்வது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். 'இசட்-எச்' வேண்டுமென்றால் 'இசட்-எச்'.